பி0171: சென்சார் மாத்தியாச்சு, லைட்டும் திரும்ப வந்தாச்சு

மாலைவெயில் · திங்கள், இரவு 9:12

வணக்கம் மக்களே. வண்டி 1.6 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, எட்டு வயசு. மூணு வாரம் முன்னாடி செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது. ஓட்டத்துல பெரிய குறை ஒண்ணும் தெரியல. சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங்ல லேசா ஒரு உதறல்.

ஒர்க்ஷாப்ல விட்டேன். ஸ்கேனரைச் சொருகினாங்க, பி0171ங்கற கோளாறு கோட் வந்துச்சு. "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்"னு சொல்லி முன்பக்க சென்சாரை மாத்தினாங்க. லைட் அணைஞ்சுது. நாலாம் நாள் திரும்ப எரியுது, அதே கோட். மறுபடி போனா "அப்போ ஈசியூவைத்தான் பார்க்கணும்"ங்கறாங்க. ஈசியூ, அதாவது இன்ஜினோட கம்ப்யூட்டர்னு காதுல விழுந்ததும் சாவியை வாங்கிட்டு வந்துட்டேன்.

இப்ப சின்னதா ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் வாங்கி, போன்ல ஆப் போட்டிருக்கேன். கோட் படிக்கத் தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

நாலாம்கியர் · திங்கள், இரவு 9:30

கோடை அழிச்சுட்டு ஓட்டுங்க ப்ரோ. என் வண்டியில ஒரு வருஷமா அந்த லைட் எரியுது, ஒண்ணும் ஆகல.

ஸ்பேனர்14 · திங்கள், இரவு 10:05

@நாலாம்கியர் தம்பி, ஏற்கெனவே எரியுற லைட்டு புதுசா ஒரு கோளாறு வந்தா எப்படிச் சொல்லும்? திரும்ப எரியவா முடியும்? ஒரு வருஷமா உனக்கு எச்சரிக்கை லைட்டே இல்லன்னு வச்சுக்கோ.

@மாலைவெயில் மொதல்ல கோடை அழிக்காதீங்க. கோட் பதிவாகுற நிமிஷத்துல இன்ஜின் எந்த நெலமையில இருந்துச்சோ அதை ஈசியூ ஒரு போட்டோ மாதிரி எடுத்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு. கோடை அழிச்சா அதுவும் போயிடும். பாதிப் பேர் தடயத்தைத் துடைச்சுட்டுத்தான் திருடனைத் தேடவே ஆரம்பிக்கிறான்.

பி0171ன்னா பேங்க் 1ல, அதாவது மொதல் சிலிண்டர் வரிசையில, கலவை லீன், அவ்வளவுதான். காத்து கூட இருக்கு, இல்ல பெட்ரோல் குறைச்சலா இருக்கு. அதைப் பார்த்துச் சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். திருடன் வந்துட்டான்னு கத்துன வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்குன கதை உங்க கதை. சென்சாரே கெட்டிருந்தா பெரும்பாலும் அதுக்குன்னு தனி கோட் வரும்: ஹீட்டர் சர்க்யூட்டுன்னா பி0135, மெதுவா வேலை செஞ்சா பி0133, வோல்டேஜ் கீழேயே நின்னா பி0131. உங்களுக்கு அதுல ஒண்ணுமே வரல.

நாளைக்கு இன்ஜின் நல்லா சூடானப்புறம் மூணு விஷயம் எழுதிட்டு வாங்க. ஃப்ரீஸ் ஃப்ரேம்ல என்ன இருக்கு. ஐட்லிங்ல ஷார்ட் டெர்ம் ட்ரிம், லாங் டெர்ம் ட்ரிம், மாஃப் (உள்ள போற காத்தை அளக்குற சென்சார்) செகண்டுக்கு எத்தனை கிராம் காட்டுதுங்கற கணக்கு. அதே மூணும் 2500 ஆர்பிஎம்ல ஒரு நிமிஷம் பிடிச்சு வச்சு.

புதுலைசென்ஸ் · திங்கள், இரவு 10:21

நடுவுல ஒரு சந்தேகம். ட்ரிம்னா என்ன? அந்த ஆப் எல்லா வண்டியிலயும் வேலை செய்யுமா?

தேன்மொழி_வி · திங்கள், இரவு 10:58

கடைசிக் கேள்விக்கு முதலில். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் இருக்கும் சாக்கெட் இருந்து, வண்டி ஓபிடி2 முறையைப் பின்பற்றினால் வேலை செய்யும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து இது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. கோடின் முதல் எழுத்து இடத்தைச் சொல்லும்: பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ், சி என்றால் பிரேக், ஸ்டீயரிங் போன்ற சேசிஸ் சமாச்சாரம், பி என்றே இன்னொன்றும் உண்டு, அது பாடி. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்து, தமிழில் எழுதினால் குழப்பம்தான், மன்னிக்கவும். யூ என்றால் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் தகராறு. அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொது. 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். அதற்கு ஆப் காட்டும் விளக்கத்தை அப்படியே நம்பக் கூடாது. அதற்கும் அடுத்த இலக்கம் பகுதி. 1 எரிபொருள், காற்று. 3 இக்னிஷன், மிஸ்ஃபயர். 4 புகைக்கட்டுப்பாடு. 7 கியர்பாக்ஸ்.

இனி ட்ரிம். பெட்ரோல் சரியாக எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். உள்ளே வரும் காற்றை மாஃப் சென்சார் அளந்து சொல்கிறது. அதை வைத்து ஈசியூ இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்டு திறப்பது என்று கணக்குப் போடுகிறது. புகை வெளியே போகும் வழியில் ஆக்சிஜன் சென்சார் விடைத்தாளைத் திருத்துகிறது. பழைய வகை சென்சாரில் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஊஞ்சலாடும். 0.45க்குக் கீழேயே தங்கினால் லீன். உடனே ஈசியூ பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டும். அந்த உடனடித் திருத்தம்தான் ஷார்ட் டெர்ம். "தினமும் இதையே திருத்த வேண்டியிருக்கிறதே" என்று அது மனப்பாடம் செய்துகொள்வது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. பல வண்டிகளில் 25ஐ நெருங்கும்போது ஈசியூ கையை விரித்துவிட்டு பி0171 எழுதுகிறது.

அதனால்தான் மாலைவெயிலுக்கு ஓட்டத்தில் குறை தெரியவில்லை. ட்ரிம் சமாளித்துக்கொண்டிருக்கும் வரை கலவை சரியாகவே இருக்கும்.

மாலைவெயில் · செவ்வாய், மாலை 6:47

எழுதிட்டு வந்தேன்.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: 730 ஆர்பிஎம், வேகம் 0, கூலண்ட் 88 டிகிரி, ஷார்ட் +9.4, லாங் +21.9.

இன்னைக்கு ஐட்லிங்: ஷார்ட் +4க்கும் +7க்கும் நடுவுல ஆடுது, லாங் +21.9, மாஃப் 1.5 கிராம்.

2500ல: ஷார்ட் +2, லாங் +9.4. மாஃப் எழுத மறந்துட்டேன், ஒரு கையில போன், ஒரு கால் ஆக்சிலரேட்டர்ல.

கரிப்புகை · செவ்வாய், மாலை 7:02

மாஃப் அழுக்கு. க்ளீனர் அடிச்சா சரியாப் போயிடும். எனக்கு இதே கோட், இதே வைத்தியம்.

ஸ்பேனர்14 · செவ்வாய், இரவு 8:15

நல்லா எழுதியிருக்கீங்க. இனிமே யாரும் ஊகிக்க வேண்டாம், நம்பரே பேசுது.

ஐட்லிங்ல கூட்டினா 27 பக்கம். 2500ல 11. ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம் இறங்குது. இது ஓட்டை. த்ராட்டிலுக்கு (காத்து உள்ள போற கதவு) அப்புறம் எங்கேயோ மாஃப் கண்ணுல படாம காத்து நுழையுது. ஐட்லிங்ல த்ராட்டில் மூடியிருக்கும், மேனிஃபோல்டுல (காத்தைச் சிலிண்டர்களுக்குப் பிரிச்சு விடுற குழாய்) வேக்கம் பலமா இழுக்கும், இன்ஜினுக்கு மொத்தமா வேண்டிய காத்தும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துல ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு. 2500ல காத்து நிறையப் போகும், ஓட்டை அதே சைஸ், பங்கு சிறுசாயிடும். மாஃப் 1.5 காட்டுறதும் அதே கதைதான். சூடான ஐட்லிங்ல லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல எதிர்பார்ப்பேன், உங்க 1.6க்கு 2ஐ ஒட்டி வந்திருக்கணும். மீதி வேற வாசல்ல வருது.

@கரிப்புகை மாஃப் மட்டும் அழுக்கா இருந்தா தலைகீழா இருக்கும். ஐட்லிங்ல ட்ரிம் பரவாயில்லாம இருந்து, லோடு ஏற ஏற மேல போகும். ஃப்யூவல் பம்ப் தளர்ந்தாலும், ஃபில்டர் அடைச்சாலும் அப்படித்தான்.

ஆனா அந்த 11 எனக்கு உறுத்துது. ஓட்டை மட்டும்னா 2500ல இன்னும் நல்லா இறங்கியிருக்கணும். இப்போதைக்கு அதை ஓரமா வைப்போம். ஒரே நேரத்துல ரெண்டு சாமானைத் தொட்டா எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரை தெரியாது.

கரிப்புகை · செவ்வாய், இரவு 8:31

சரி அண்ணா. ஆனா அந்த 11க்கு நான் பந்தயம் கட்டுறேன்.

டீசல்தாத்தா · செவ்வாய், இரவு 9:10

கார்புரேட்டர் காலத்துல நாங்க ஸ்கேனர் எல்லாம் பார்த்ததில்ல. ஒரு முழம் ரப்பர் ட்யூபை ஒரு முனை காதுல வச்சு, மறு முனையை மேனிஃபோல்டைச் சுத்தி நகர்த்துவோம். 'ஸ்ஸ்'னு பாம்பு மாதிரி சத்தம் வர்ற இடம்தான் ஓட்டை. இல்லன்னா கார்ப் க்ளீனரை அங்கங்க அடிச்சா ஆர்பிஎம் துள்ளும்.

தேன்மொழி_வி · செவ்வாய், இரவு 9:24

ட்யூப் வைத்தியத்துக்கு என் ஓட்டு, ஐயா. முனையை ஃபேன் பெல்ட் பக்கம் மட்டும் கொண்டு போகாமல் இருந்தால் சரி. க்ளீனர் வேண்டாம். அது பெட்ரோல் போலப் பற்றும். பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தீயாய்ச் சுட்டுக்கொண்டிருக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீரைப் பனி போல அடித்தாலும் ஓட்டையை நீர் ஒரு கணம் அடைக்கும், ஷார்ட் டெர்ம் அசையும். இக்னிஷன் காயில், கனெக்டர் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்மோக் டெஸ்ட் மெஷின் இருக்கும் ஒர்க்ஷாப் கிடைத்தால் எல்லாவற்றையும் விட அது மேல். இன்டேக்குக்குள் லேசான அழுத்தத்தில் புகை விடுவார்கள், ஓட்டையில் வெளியே வரும்.

புதுலைசென்ஸ் · செவ்வாய், இரவு 9:50

என் வண்டியில மாஃபே இல்லையாம், மேப் சென்சார்தானாம். ஐட்லிங் 1100ல நிக்குது, கோட் பி0507. ட்ரிம் பார்த்தேன், ரெண்டும் 3க்குள்ளதான். அப்போ ஓட்டை இல்லன்னு அர்த்தமா?

ஸ்பேனர்14 · செவ்வாய், இரவு 10:20

அதான் இல்ல. இங்கதான் நெறையப் பேர் வழுக்கி விழறாங்க. மாஃப் காத்தை வாசல்ல எண்ணுது. சன்னல் வழியா வந்தவனை அதுக்குத் தெரியாது. மேப் அப்படி இல்ல, வீட்டுக்குள்ள எவ்வளவு கூட்டம்னு பார்க்குது. எந்த வழியா வந்தாலும் கணக்குல வந்துடும். ஓட்டை வழியா காத்து வந்தா மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும், ஈசியூ அதுக்கேத்த பெட்ரோல் குடுக்கும், கலவை ஓரளவு சரியாவே இருக்கும், ஆர்பிஎம் மட்டும் தூக்கும். பி0507ன்னா ஐட்லிங் எதிர்பார்த்ததை விட அதிகம்னு அர்த்தம். உங்களுக்கும் ஓட்டை இருக்கலாம், த்ராட்டில் பாடில கரி இருக்கலாம். தனி இழை போடுங்க, அங்க பார்க்கலாம்.

மாலைவெயில் · புதன், இரவு 8:33

ஒண்ணும் கிடைக்கல. மேல கண்ணுக்குத் தெரியுற எல்லா ஹோஸையும் தொட்டு, வளைச்சுப் பார்த்தேன். தாத்தா சொன்ன ட்யூபையும் காதுல வச்சேன், பக்கத்து வீட்டுப் பையன் டாக்டர்னு கூப்பிடுறான். இன்ஜெக்டர் டிக் டிக் சத்தத்துல வேற ஒண்ணும் கேக்கல. தண்ணியும் அடிச்சாச்சு.

ஸ்பேனர்14 · புதன், இரவு 9:01

சரி, தேடாதீங்க, கழிச்சுக்கட்டுங்க. மேனிஃபோல்டுல இருந்து கிளம்புற ரப்பர் ஹோஸ் மொத்தமே நாலஞ்சுதான் இருக்கும்: பிரேக் பூஸ்டருக்கு ஒண்ணு, பெட்ரோல் ஆவி இழுக்குற பர்ஜ் வால்வுக்கு ஒண்ணு, இன்ஜின் உள்காத்து வெளியேற பிசிவிக்கு ஒண்ணு, இன்னும் ஒண்ணு ரெண்டு. ஒவ்வொண்ணையும் மேனிஃபோல்டுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட, துணி சுத்தின ப்ளையர்ல அஞ்சு செகண்டு நசுக்கிப் பிடிங்க. போன்ல ஷார்ட் டெர்மையே பார்த்துட்டு இருங்க. எந்த ஹோஸை நசுக்கும்போது நம்பர் பொத்துனு கீழ விழுதோ, ஓட்டை அந்த ஹோஸ்லயோ அதுக்கு அந்தப் பக்கமோ இருக்கு. பழைய ரப்பர், பலமா நசுக்கினா நீங்களே புது ஓட்டை போட்டுடுவீங்க. பார்த்து. பிளாஸ்டிக் குழாயா இருந்தா நசுக்கவே வேண்டாம்.

நாலாம்கியர் · வியாழன், காலை 7:15

அண்ணா, கிண்டல் பண்ணாதீங்க. நேத்து ராத்திரியிலிருந்து என் லைட் மின்னுது. எரியல, மின்னுது. வண்டி மூணு கால்ல நடக்குற மாதிரி குலுங்குது. பி0303.

ஸ்பேனர்14 · வியாழன், காலை 7:22

கிண்டலுக்கு நேரமில்ல, மிதிச்சு ஓட்டாதே. லைட் எரிஞ்சா பார்த்துக்கலாம், மின்னினா நிறுத்தணும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதை உருக்கிடும். பி0303ன்னா மூணாம் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதுல பெட்ரோல் சரியா எரியல. இன்ஜினை ஆஃப் பண்ணி ஆறவிட்டு, மூணாவது காயிலைக் கழட்டி ரெண்டாவதுல போடு, ரெண்டாவதை மூணாவதுல போடு. கோடை அழி. ஸ்டார்ட் பண்ணி நின்ன இடத்துலயே பாரு. பி0302ன்னு வந்தா காயில். பி0303யே வந்தா ப்ளக்கையும் அதே மாதிரி மாத்திப் பாரு, அப்புறம் இன்ஜெக்டர், கடைசியா கம்ப்ரஷன்.

நாலாம்கியர் · வியாழன், காலை 8:40

பி0302. காயில் ஆர்டர் போட்டாச்சு. அந்த ஒரு வருஷக் கோட் என்னன்னு பார்த்தேன், பி0128. தெர்மோஸ்டாட்டாமே.

ஸ்பேனர்14 · வியாழன், காலை 8:52

அது திறந்தபடியே சிக்கியிருக்கும், இன்ஜின் சூடே ஏறாது, பெட்ரோல் கூடக் குடிக்கும். ஒரு வருஷமா 'ஒண்ணும் ஆகல'.

மாலைவெயில் · வியாழன், இரவு 9:44

கெடைச்சுது!!

பிரேக் பூஸ்டர் ஹோஸ், அசைவில்ல. பர்ஜ் ஹோஸ், அசைவில்ல. பிசிவி ஹோஸை நசுக்கினேன். ஷார்ட் டெர்ம் +6ல இருந்தது. ரெண்டு செகண்டுல 0, அப்புறம் -8, -15. உதறல் நின்னுடுச்சு. விட்டேன், திரும்ப +6, திரும்ப உதறல். நம்பாம நாலு தடவை பண்ணிப் பார்த்தேன். வீட்ல கூப்பிட்டுக் காட்டினேன், "அதுக்கென்ன இப்போ"ன்னுட்டாங்க.

அந்த ஹோஸ் மேலேர்ந்து பார்த்தா புத்தம் புதுசு மாதிரி இருக்கு. மேனிஃபோல்டுக்கு அடியில போய் ஒரு முழங்கை மாதிரி மடங்குது. சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வச்சுப் பார்த்தேன். இன்ஜின் ஆஃப்ல ஒண்ணும் தெரியல. விரலை விட்டு அந்த மடிப்பை லேசா தள்ளினா, அடிப்பக்கம் ஒரு ரெண்டு சென்டிமீட்டருக்கு வாய் மாதிரித் திறக்குது. எண்ணெய் ஊறி ரப்பர் அங்க மட்டும் வீங்கி, தொட்டா விரல்ல கறுப்பா ஒட்டுது. விரலை எடுத்தா மூடிக்குது. அதான் குளிர் இன்ஜின்ல தடவிப் பார்த்தப்போ சிக்கல போல.

டீசல்தாத்தா · வியாழன், இரவு 9:58

ஆமாப்பா. இன்ஜின் ஓடும்போது ஆடுமில்ல, அப்ப வாய் திறக்கும். சூட்டுல ரப்பர் இளகினா இன்னும் நல்லாத் திறக்கும். டேப் சுத்திடாதே, எண்ணெயில நிக்காது.

ஸ்பேனர்14 · வியாழன், இரவு 10:10

அருமை. அளவு ஒத்துப்போகுதுன்னு தண்ணி ஹோஸை வெட்டி மாட்டிடாதீங்க, பாதி கடையில அதான் பண்றாங்க. கூலண்ட் ஹோஸ் ரப்பர் எண்ணெய்க்குத் தாங்காது, ஆறு மாசத்துல கொழகொழன்னு ஆகி வேக்கத்துல ஒட்டிக்கும். அந்த வண்டிக்குன்னே வர்ற வார்ப்பு முழங்கையை வாங்குங்க. கிளாம்ப்பும் புதுசு. பிசிவி வால்வைக் கழட்டிக் குலுக்குங்க. உங்க வண்டியில இருக்கிறது சாதாரண வால்வா இருந்தா கடகடன்னு சத்தம் வரணும். வராட்டி அதையும் மாத்துங்க.

மாலைவெயில் · சனி, மதியம் 1:20

மாட்டியாச்சு. வால்வு கடகடங்குது. ஆனா ஒரு பிரச்சினை. ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல பார்த்தா ஷார்ட் -21, லாங் அதே +21.9. இப்ப பெட்ரோல் கூடி ரிச்சா போயிடுச்சா? தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?

தேன்மொழி_வி · சனி, மதியம் 1:34

பயப்படாதீர்கள், அது நல்ல செய்தி. கூட்டிப் பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கம். லாங் டெர்ம் இன்னும் பழைய ஓட்டை இருப்பதாகவே நினைத்து 22 சதவீதம் பெட்ரோல் கூட்டிக் கொடுக்கிறது. ஷார்ட் டெர்ம் அதே அளவு பிடுங்கிக்கொள்கிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் லாங் படிப்படியாக இறங்கும், ஷார்ட் அதற்கேற்ப ஏறும்.

மாலைவெயில் · சனி, மதியம் 2:05

இறங்குது! 21.9, 18.8, 14.1... இப்ப லாங் -1.6, ஷார்ட் பூஜ்யத்தைச் சுத்தி ஆடுது. மாஃப் 2.1 கிராம். லைட் இன்னும் எரியுது. கோடை அழிக்கவா?

ஸ்பேனர்14 · சனி, மாலை 4:40

ஃப்ரீஸ் ஃப்ரேம் எழுதி வச்சிருக்கீங்க, அதனால அழிக்கலாம். அழிக்காட்டியும் கோளாறு இல்லாத மூணு ஓட்டம் தொடர்ந்து பார்த்தா லைட் தானா அணையும். இந்த மாதிரி ட்ரிம் கோடுக்கு, கோளாறு வந்தப்போ இருந்த நெலமையும் அந்த ஓட்டத்துல வந்து போகணும். அதுக்கப்புறம் கோட் மறைய 40 தடவை இன்ஜின் சூடாகி ஆறணும். வண்டியோட புகைச் சான்றிதழ் பரிசோதனை நாள் நெருங்கியிருந்தா மட்டும் அழிக்காதீங்க. அழிச்சா, வண்டி தன்னைத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டுற ரெடினஸ் மானிட்டர் எல்லாமே 'முடியல'ன்னு மாறிடும். அதைக் கேக்குற ஊர்ல, லைட் அணைஞ்சிருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.

அந்த 11 ஞாபகம் இருக்கா? ஒரு நல்ல ஏத்தத்துல, மூணாவது கியர்ல, சீரா மிதிச்சு ஏறும்போது ட்ரிம் பாருங்க. நீங்க பார்க்காதீங்க, பக்கத்துல யாரையாவது உட்கார வச்சுப் பதியச் சொல்லுங்க.

மாலைவெயில் · ஞாயிறு, காலை 11:15

பையன் போனைப் பிடிச்சான். ஐட்லிங் -1.6. சமதளத்துல 2500ல +5. ஏத்தத்துல +13. முழுசா மிதிச்சப்போ 3000 ஆர்பிஎம்ல மாஃப் 35 கிராம்.

கரிப்புகை · ஞாயிறு, காலை 11:17

பந்தயம்.

தேன்மொழி_வி · ஞாயிறு, காலை 11:50

ஒரு சின்னக் கணக்கு. 1.6 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிரம்பும். 3000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1500 முறை, அதாவது 2400 லிட்டர், செகண்டுக்கு 40 லிட்டர். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிராம். ஆக, சிலிண்டர் முழுக்க நிரம்பினால் 48 கிராம். முழு மிதியில் இந்த மாதிரி இன்ஜின் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்ப வேண்டும், 38க்குக் குறையக் கூடாது. உங்களுக்கு 35, அதாவது 73 சதவீதம். ஏற்றத்தில் ட்ரிம் 13 கூட்டிக் கேட்கிறது. இரண்டு சாட்சியும் ஒரே பக்கம்: மாஃப் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. கரிப்புகைக்குப் பாதிப் பந்தயம்.

(முழு மிதியில் ட்ரிமைப் பார்த்துப் பயனில்லை. அப்போது ஈசியூ ஆக்சிஜன் சென்சார் பேச்சைக் கேட்காமல் வேண்டுமென்றே ரிச்சாக ஓட்டும்.)

ஸ்பேனர்14 · ஞாயிறு, மதியம் 12:30

ஃப்யூவல் பம்ப் தளர்ந்தாலும் ஏத்தத்துல ட்ரிம் இதே மாதிரி ஏறும், ஆனா மாஃப் நம்பர் குறையாது. அதான் தேன்மொழி மேடம் கணக்கு முக்கியம். மாலைவெயில், ஏர் ஃபில்டர் என்ன போட்டிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க.

மாலைவெயில் · ஞாயிறு, மதியம் 12:41

...கழுவிப் போடுற காட்டன் ஃபில்டர். எண்ணெய் விடுற டைப். போன தடவை கொஞ்சம் தாராளமாவே விட்டேன்.

ஸ்பேனர்14 · ஞாயிறு, மதியம் 12:46

நெனைச்சேன். அந்த எண்ணெய் போய் மாஃப் கம்பியில படிஞ்சு, அது மேல தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். மாஃபுக்குன்னே விக்கிற க்ளீனரை வாங்குங்க, கார்ப் க்ளீனர், பிரேக் க்ளீனர் கூடாது. இன்ஜின் ஆறினதும் கழட்டி, கம்பியைத் தொடாம, துடைக்காம, ஒரு சாண் தள்ளி நின்னு பத்துப் பதினைஞ்சு தடவை பீச்சுங்க. தானா காயட்டும். கம்ப்ரஸர் காத்து அடிச்சா கம்பி அறுந்துடும். ஃபில்டரைப் பேப்பருக்கு மாத்துங்க.

அடாப்டரை ராத்திரி சாக்கெட்லயே விட்டுடாதீங்க. 16ஆம் பின்ல எப்பவும் பேட்டரி கரண்ட் இருக்கும். சில அடாப்டர் தூங்கவே தூங்காது, ஒரு வாரம் நிறுத்தி வச்சா பேட்டரியை உறிஞ்சிடும்.

மாலைவெயில் · அடுத்த வெள்ளி, இரவு 9:05

மாஃபைக் கழட்டினப்போ போட்டோ எடுக்கணும்னு தோணல, எடுத்திருக்கணும். தலைமுடியை விட மெல்லிசான கம்பி, அதுல சாம்பல் நிறத்துல பஞ்சு. பீச்சினதும் பழுப்பா சொட்டுச்சு.

இப்ப கணக்கு: ஐட்லிங் லாங் +0.8. 2500ல +1.6. அதே ஏத்தம், அதே கியர், +3. முழு மிதியில 3000ல 40 கிராம். அஞ்சு நாள் ஆச்சு, 300 கிலோமீட்டருக்கு மேல ஓடியாச்சு, லைட் வரல. பெண்டிங் கோடும் (இன்னும் உறுதியாகாத கோட்) இல்ல. மானிட்டர் எல்லாம் 'ரெடி', ஆவி மானிட்டர் மட்டும் நேத்துதான் முடிஞ்சுது.

ஒர்க்ஷாப்ல கழட்டின பழைய ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு வாங்கி வச்சிருந்தேன். ஒரு ஆசைக்கு அதையே திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தேன். 0.1க்கும் 0.9க்கும் நடுவுல புதுசு மாதிரியே ஆடுது. இப்ப டிக்கியில கிடக்கு.

நாலாம்கியர் · அடுத்த வெள்ளி, இரவு 9:20

என் வண்டிக்கு அது சேருமா ப்ரோ? காயிலும் தெர்மோஸ்டாட்டும் மாத்தியாச்சு. இப்ப பி0420 வந்திருக்கு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டராமே.

ஸ்பேனர்14 · அடுத்த வெள்ளி, இரவு 9:23

அழிக்காதே. ஃப்ரீஸ் ஃப்ரேம் எடுத்துட்டு வா.